கட்டைப்பைக்குள் ஒரு கை

அவசரப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் ஊசி போடக் கற்றுத்தரப் போவதில்லை. கை எப்படியும் கற்றுக்கொள்ளும். முதல் மாதம் நடுங்கும், இரண்டாம் மாதம் நிற்கும், மூன்றாம் மாதம் தூக்கத்திலும் நரம்பைத் தேடும். கற்றுக்கொள்ளாதது வாய். என் வாய்க்குப் புத்தி வர இருபத்திரண்டு வருஷம் ஆனது. அதுவும் டாக்டர் சொல்லி வரவில்லை, மேட்ரன் திட்டி வரவில்லை. ஒரு பல்லி வந்து சொல்லிக்கொடுத்தது.

மருத்துவமனையின் பெயர் வேண்டாம். ஜன்னலைத் திறந்தால் கோட்டை தெரியும். செஞ்சியில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் கோட்டை தெரியும் என்பதால் நீங்கள் கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் பக்கம் பாம்புக்கடி சாதாரணம். பாம்பு கடித்தவரோடு பாம்பும் வரும். அடித்த பாம்பைப் பையில் போட்டுக் கையோடு எடுத்து வந்தால்தான் டாக்டர் சரியான மருந்து கொடுப்பார் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. மஞ்சள்பை, பெயின்ட் டப்பா, சோற்றுத் தூக்கு என்று எல்லாவற்றிலும் பாம்பைப் பார்த்துவிட்டேன். ஒருவர் அரை உயிரோடு கொண்டுவந்து ரிஜிஸ்டர் மேலேயே வைத்தார். இத்தனையும் பார்த்ததில் எனக்கு ஒரு திமிர் வந்திருந்தது. வாசலில் ஆட்டோ நிற்கும்போதே, உள்ளே இருப்பது என்ன கேஸ் என்று சொல்லிவிடுவேன். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். பத்தாவதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

யோசித்திருக்கலாம். ஒருமுறை காதுகுத்து விருந்தில் சாம்பாரில் பல்லி விழுந்துவிட்டது என்று பந்தியே எழுந்து எங்களிடம் வந்தது. படுக்க வைக்க இடமில்லாமல் தாழ்வாரம் முழுக்க வாந்தி. அதில் ஓர் அம்மாள்தான் எல்லோரையும்விட அதிகமாக வாந்தி எடுத்தார். கடைசியில் விசாரித்தால் அவர் சாம்பாரைத் தொடவே இல்லை, தயிர்ச்சோறு மட்டும்தான் சாப்பிட்டிருக்கிறார். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

அன்றைக்குக் காலை பதினொரு மணி இருக்கும். புறநோயாளி வரிசை வாசல் வரை நின்றது. எங்கள் பெரிய டாக்டர் மாடியில் ஒரு பிரசவ அறுவையில் இருந்தார். கீழே நான்தான். ஆட்டோ ஒன்று படிக்கட்டு மேலேயே ஏறிவிடுவதுபோல் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். நடுவில் ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர், வேட்டியெல்லாம் ரத்தத் துளி. ஒரு பக்கம் அவர் மனைவி. இன்னொரு பக்கம் மச்சான், மனைவியின் தம்பி. நடுவில் இருந்தவருடைய வலது கை முழங்கை வரைக்கும் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள் இருந்தது. பையின் வாயைத் துண்டால் சுற்றி இறுக்கியிருந்தார்கள்.

வேட்டியில் ரத்தம், கையில் கட்டு, பை வேறு இருக்கிறது. எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

"பாம்புதான? எவ்ளோ நேரமாச்சு, அத மட்டும் சொல்லுங்க" என்றேன்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவி வாயைத் திறந்தார். அதற்குள் மச்சான் முந்திக்கொண்டார்.

"ஆமா சிஸ்டர், பாம்புதான். அர மணி நேரம் ஆவுது."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பாம்பு கடித்த வீட்டுக்காரர் முகத்தில் நிம்மதி எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அவசரம். ரிஜிஸ்டரில் எழுதினேன்: சூசைராஜ், சிங்கவரம், பாம்புக்கடி. மனைவி பெயர் லூர்துமேரி, மச்சான் பெயர் அந்தோணி. கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

"கையக் காட்டுங்க."

"காட்டக் கூடாது சிஸ்டர். வெளிச்சம் பட்டா வெஷம் ஏறும்னு ஊர்ல சொல்லி அனுப்புனாங்க" என்றார் அந்தோணி.

இதைவிட விசித்திரமானதெல்லாம் கேட்டிருக்கிறேன். கடித்த இடத்தில் கோழியை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. சரி, கையை அப்புறம் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். இடது கையில் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வைத்தேன். இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்திருந்து, ரத்தம் உறைந்தால் ஒருவித விஷம் இல்லை, உறையாவிட்டால் இருக்கிறது என்று அர்த்தம். உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அந்த இருபது நிமிஷத்தில் நான் செய்ததைத்தான் கேட்க வேண்டும். சூசைராஜ் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அக்கறையாகக் கேள்வி கேட்டேன்.

"கண்ணு சொக்குதா ஐயா?"

சூசைராஜ் கொஞ்சம் யோசித்தார். "சொக்குற மாதிரிதான் இருக்குது சிஸ்டர்."

"தொண்ட அடைக்குதா? எச்சி முழுங்க முடியுதா?"

எச்சிலை விழுங்கிப் பார்த்தார். "கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்குது."

"மூச்சு?"

"அதுவும்தான்."

எதைக் கேட்டாலும் இருக்கிறது என்றார். நானும் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டேன். இன்னும் நாலு கேள்வி கேட்டிருந்தால் வயிற்றில் குழந்தை இருக்கிறது என்றுகூடச் சொல்லியிருப்பார்.

இருபது நிமிஷம் முடிந்து குழாயைச் சாய்த்தேன். ரத்தம் அழகாக உறைந்திருந்தது. புத்தியுள்ளவளாக இருந்தால் அங்கே நின்றிருப்பேன். நான் எப்படிக் கணக்குப் போட்டேன் தெரியுமா? கண்ணாடிவிரியன் இல்லை, அப்படியானால் நல்லபாம்பு. நல்லபாம்பு இல்லையென்றால் கட்டுவிரியன். பாம்பே இல்லை என்பது என் பட்டியலில் இல்லை.

மாடிக்குப் போன் போட்டேன். அறுவை அறையில் இருந்த சிஸ்டர், டாக்டர் காதில் போனை வைத்தார். கண் செருகல், தொண்டை அடைப்பு, மூச்சுத் திணறல் என்று ஒப்பித்தேன். டாக்டர் பேச்சில் சிக்கனக்காரர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"கடிவாய் எப்படி இருக்கு?"

"துணி சுத்தியிருக்கு டாக்டர்."

"மருந்தக் கலந்து தொங்க விடுங்க. அலர்ஜி வந்தா போடுற ஊசிய ஏத்திக் கையில வெச்சிக்குங்க. தையல் முடிச்சிட்டு வரேன். கடிவாயப் பாக்காம மருந்தத் தொறக்காதீங்க."

கடைசி வாக்கியத்தை டாக்டர்கள் வழக்கமாகச் சொல்கிற பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். விஷமுறிவு மருந்தைக் கலந்து கம்பியில் தொங்கவிட்டேன். இடது கையில் ஊசி ஏறியிருந்தது. மருந்துக் குழாயின் திருகைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்தோணி தலைமாட்டில் நின்று அவசரப்படுத்தினார். "இன்னாம்மா பாத்துகினே இருக்கீங்க. தொறந்து வுடுங்க. ஆளு போயிட்டா யாரு பதில் சொல்றது?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவசரப் பிரிவில் பாதி மருந்தை வியாதி கேட்காது, பக்கத்தில் நிற்கிறவர்தான் கேட்பார். அவர் சத்தம் போடப்போட நம் கை திருகை நோக்கிப் போகும். என் கையும் போய்விட்டது. திருகைத் தொட்டுக்கொண்டே, கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறதே என்று கேட்டேன்.

"இதுக்கு முன்னாடி பாம்புக்கடி மருந்து ஏத்தியிருக்கீங்களா?"

சூசைராஜ் கண்ணை மூடிக்கொண்டார். லூர்துமேரியின் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. அவர்தான் பதில் சொன்னார்.

"ஏத்தியிருக்குது சிஸ்டர். கொல்லையில மல்லாட்டச் செடி புடுங்கும்போது ஒருவாட்டி கடிச்சுது. இந்த மருந்து போட்டதும் ஒடம்பெல்லாம் தடிச்சி, மூச்சு நின்னு, விழுப்புரத்துக்குத் தூக்கினு போனோம். ஃபாதர் வந்து அவஸ்த பூசிட்டுப் போயிட்டாரு. அப்பறம் எப்படியோ பொழச்சிகினாரு."

அதாவது, பங்குச் சாமியார் வந்து கடைசிச் சடங்கு செய்துவிட்டுப் போகிற அளவுக்கு ஆகியிருக்கிறது. என் கை திருகிலிருந்து இறங்கிவிட்டது. உண்மையிலேயே பாம்புக்கடி என்றால், இத்தனை ஆபத்து இருந்தாலும் மருந்து ஏற்றத்தான் வேண்டும். ஏற்றினால் மறுபடியும் மூச்சு நிற்கலாம். ஏற்றாவிட்டால் விஷத்தில் போகலாம். அப்போதுதான் டாக்டர் சொன்ன கடைசி வாக்கியம் காதில் விழுந்தது என்று சொல்ல வேண்டும், அவர் சொல்லிப் பத்து நிமிஷம் கழித்து.

"பையக் கழட்டுங்க" என்றேன்.

அந்தோணி குறுக்கே வந்தார். "வேணாம் சிஸ்டர், வெளிச்சம்..."

அந்த நேரம் பை அசைந்தது.

சூசைராஜின் விரல் அசைந்திருந்தால் பை ஒரு பக்கம் அசைந்திருக்கும். இது அடியில் சுருண்டு, பக்கவாட்டில் புடைத்து, மறுபடியும் அடியில் சுருண்டது. எதிர்க் கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். "பைல பாம்பு இருக்குதுடா" என்று மெதுவாகத்தான் சொன்னார். அடுத்த நிமிஷம் வார்டில் யாரும் இல்லை. முட்டிவலி என்று இரண்டு பேர் தாங்கி வந்த பெரியவர் பெஞ்சைத் தாண்டிக் குதித்துப் போனார். குளுக்கோஸ்காரர் கம்பியையும் தூக்கிக்கொண்டே ஓடினார்.

நான் ஏன் ஓடவில்லை என்று கேட்பீர்கள். கால் ஓடவில்லை, அவ்வளவுதான். அதைத் தைரியம் என்று அப்புறம் எல்லோரும் சொன்னார்கள், நானும் மறுக்கவில்லை.

"சிஸ்டர், பாம்பு இல்ல" என்று லூர்துமேரி அழ ஆரம்பித்தார். "மறுபடியும் அந்த மருந்து போட்டா இவுரு செத்துடுவாரு. கேஸு வந்தா வரட்டும்." தம்பியைத் தள்ளிவிட்டுத் துண்டை அவிழ்த்தார்.

பைக்குள்ளிருந்து முதலில் ஒரு வால் வந்தது. பச்சை வால், கறுப்புப் பட்டை போட்டது. பிறகு முதுகில் சீப்புப் பல்போல முள். கழுத்துக்குக் கீழே தொங்குகிற தோல். மூக்கிலிருந்து வால் வரை மூன்றடி இருக்கும். சூசைராஜின் ஆள்காட்டி விரலிலிருந்து மோதிர விரல் வரைக்கும் மூன்று விரல்கள் அதன் வாய்க்குள் இருந்தன. உடும்புப் பிடி என்று பேச்சில் சொல்வோமே, அதை நேரில் பார்த்தேன். ஒரு மணி நேரமாக அது அவரைக் கடித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் என்னிடம் கண் சொக்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். அவர்கள் மகள் ஸ்டெல்லா சென்னையில் வேலை செய்கிறாள். அங்கே ஆசையாக ஓர் இகுவானாவை, அதாவது வெளிநாட்டுப் பெரிய பல்லி ஒன்றை, வளர்த்தாள். விடுதியில் அதற்கு இடமில்லை என்று விரட்டிவிட, சிங்கவரத்தில் அப்பாவிடம் விட்டுப் போனாள். சூசைராஜ் அதற்கு மணி என்று பெயர் வைத்து, முருங்கைக்கீரையும் செம்பருத்திப் பூவும் ஊட்டி வளர்த்தார். அன்று பூவைக் கொடுக்கும்போது மணி பூவோடு சேர்த்து விரலையும் பிடித்துவிட்டது. இவர்கள் பிடித்து இழுக்க, அது இன்னும் இறுக்கியது. ஊரில் எல்லாச் சட்டமும் தெரிந்த அந்தோணி, இது பச்சை உடும்பு, உடும்பு வளர்த்தால் ஃபாரஸ்ட்காரன் பிடித்துக்கொண்டு போவான், மாமாவும் உள்ளே போவார் என்று சொல்லிப் பையைப் போட்டு மூடியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் என்ன பொய் சொல்வது என்று ஆட்டோவில் வரும் வழியெல்லாம் யோசித்தும் பிடிபடவில்லையாம். நான்தான் வாசலிலேயே ஒரு பாம்பைக் கொடுத்துவிட்டேன்.

குட்டு உடைந்ததும் அந்தோணிக்கு வீரம் வந்தது. குளுக்கோஸ் கம்பி ஒன்றைத் தூக்கினார்.

"அடிக்காதடா, எம் பொண்ணுக்கு இன்னா பதில் சொல்றது?" என்றார் சூசைராஜ். அதுவரை செத்துக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மூச்சும் சரியாகிவிட்டது.

டாக்டர் இறங்கி வந்தார். கட்டிலைப் பார்த்தார், தொங்கும் மருந்தைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். "எனக்கு இதுல பழக்கம் இல்ல. தெரிஞ்சவங்களக் கேளுங்க" என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு டாக்டர் வாயால் நான் கேட்ட மிகப் பெரிய படிப்பு அதுதான்.

லூர்துமேரி மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "மணிக்கு ஒண்ணும் ஆவலியே?" என்பது. பிறகுதான், "நைனா எப்படி இருக்குது?" என்றாள். இழுக்காதீர்கள், இழுத்தால் பல் உடைந்து சதையில் நிற்கும், விரலும் கிழியும். அதன் காலுக்கு அடியில் தாங்கல் கொடுங்கள், அந்தரத்தில் தொங்கினால் பயத்தில் இன்னும் இறுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையோடு இறக்குங்கள் என்றாள். வாளியில் தண்ணீர் வந்தது. கையும் மணியும் சேர்ந்து உள்ளே போயின. எல்லோரும் வாளியைச் சுற்றி நின்றோம். ஓடிப்போனவர்கள் ஜன்னலில் நின்றார்கள். ஓர் அம்மாள் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "வலது கையில பல்லி விழுந்தா பலன் போட்ருக்குது, கடிச்சா ஒண்ணும் போடல" என்று அறிவித்தார்.

மணி வாயைத் திறந்தது. வாளியை விட்டு ஏறி, குளுக்கோஸ் கம்பியைப் பிடித்து உச்சிக்குப் போய், தொங்கிக்கொண்டிருந்த விஷமுறிவு மருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

அதன் பிறகு செய்ததில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஆனாலும் நினைவில் வையுங்கள். விரல் வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றினோம். கல்யாண மோதிரம், சோப்பு போட்டுத்தான் வந்தது. குழாயைத் திறந்துவிட்டுச் சோப்பு போட்டுப் பத்து நிமிஷம் கழுவினோம். அந்தோணி மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு என்று மூன்றையும் சிபாரிசு செய்தார், மூன்றையும் மறுத்தோம். பல் எதுவும் உள்ளே தங்கியிருக்கிறதா என்று டாக்டர் விளக்கு வைத்துத் தேடி ஒன்றை எடுத்தார். ரணஜன்னி வராமல் இருக்க டிடி ஊசி போட்டார். கைவிரலில் ஆழமான காயம் என்பதால் கிருமி கொல்லும் மாத்திரை கொடுத்தார். சிவந்து வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, விரலை மடக்க முடியாவிட்டாலோ உடனே வரச் சொன்னார். இந்தப் பிராணிகளின் வாயிலும் தோலிலும் கழிச்சலை உண்டாக்கும் கிருமி இருக்கும், தொட்டால் கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது என்றார்.

"நாய்க்கடி ஊசி?" என்று கேட்டார் அந்தோணி. ஏதாவது ஒரு ஊசியாவது பெரிதாகப் போட வேண்டும் அவருக்கு.

"நாய் கடிச்சா வாங்க" என்றார் டாக்டர்.

மகள் அதற்குள் போனில் பதிவுச் சான்றைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். மணி உடும்பு இல்லை, கள்ளத்தனமாகப் பிடித்ததும் இல்லை. முறையாக வாங்கிப் பதிந்த பிராணி. ஆக, ஒளித்து வைக்க ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் இல்லை. ஒரு மனிதர் எதற்காகச் சாகப் பார்த்தார் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தோணியை நன்றாகத் திட்டினேன். டாக்டர் நான் திட்டி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார்.

"சிஸ்டர், அவர்கிட்ட நீங்க கேள்வி கேட்டீங்களா, பதிலையும் நீங்களே குடுத்தீங்களா?" என்றார். அவ்வளவுதான், மாடிக்குப் போய்விட்டார்.

ரிஜிஸ்டரை எடுத்தேன். பாம்புக்கடி என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்ததை அடித்தேன். சூசைராஜ் எதிரே நின்று, "இன்னா ஆச்சு ஐயா?" என்று மட்டும் கேட்டு வாயை மூடிக்கொண்டேன். உங்களிடம் நான் கேட்பதும் இதை மட்டும்தான். யார் வந்தாலும் என்ன ஆச்சு என்று கேளுங்கள், அப்புறம் சும்மா இருங்கள். அந்தச் சும்மா இருப்பது எத்தனை கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது. சூசைராஜ் நெடுநேரம் யோசித்து, தொண்டையைக் கனைத்து, "பூ குடுத்தேன் சிஸ்டர், தப்பா புடிச்சிட்டான்" என்றார். அப்படியே எழுதினேன்.

மூன்றாம் நாள் கட்டு மாற்றத் தனியாக வந்தார். காயம் நன்றாக ஆறி வந்தது. மணி மீன் தொட்டிக்காரன் செய்துகொடுத்த பெரிய கூண்டில் இருக்கிறான், இனிமேல் பூவைக் குச்சியில் குத்தித்தான் கொடுப்பேன் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஐயா, போன தடவ அந்த மருந்துல சாகக் கெடந்தீங்க. உங்களுக்கே தெரியும். நான் மறுபடியும் ஏத்த வந்தப்ப ஏன் கண்ண மூடிக்கினு பேசாம கெடந்தீங்க? மணிக்காகவா?"

"மொதல்ல மணிக்காகத்தான் சிஸ்டர்" என்றார். கொஞ்சம் கூச்சப்பட்டார். "அப்பறம் நீங்க கண்ணு சொக்குதா, தொண்ட அடைக்குதான்னு ஒவ்வொண்ணா கேட்டீங்களா, எல்லாமே இருந்துச்சு. படிச்சவங்க, எத்தினி கடியப் பாத்தவங்க, இவ்ளோ உறுதியா சொல்றாங்களே, ஒருவேள பாம்பும் கடிச்சிருக்குமோ, நமக்குத்தான் தெரியலியோன்னு நெனச்சிட்டேன்."

பாம்பே இல்லாத பையில் கையை வைத்துக்கொண்டு, விரலில் பல்லி தொங்க, அவர் என்னை நம்பியிருக்கிறார். திருகைத் திறந்திருந்தால் அந்த மனிதர் விஷத்தில் செத்திருக்கமாட்டார். என்மேல் வைத்திருந்த மரியாதையில் செத்திருப்பார்.